தடைக்காலத்தில் நான் கண்டுபிடித்த கற்பித்தல் முறை

வெளிநாடு போய்த் திரும்பியவர்களிடம் முதல் ஒரு மாதம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. நானே போய் வந்தவள் என்பதால் அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஒரு மாதமும் நம் ஊர்க் குடிநீர் முதல் கூட்டல் கணக்கு வரை எல்லாவற்றையும் திருத்திவிடலாம் என்று தோன்றும். எனக்கு அது இரண்டு மாதம் நீடித்தது.

விம்கோ நகரில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த என்னை, ஆசிரியர்களை நாடு விட்டு நாடு அனுப்பும் ஒரு பரிமாற்றத் திட்டத்தில் ஐந்து வாரம் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே நான் கற்றது மூன்று: வட்டமாக நாற்காலி போடுவது, மஞ்சள் காகிதத்தில் கருத்தை எழுதிச் சுவரில் ஒட்டுவது, யார் எதைச் சொன்னாலும் 'அருமை' என்பது. இதற்குச் சான்றிதழும் கொடுத்தார்கள். (அம்மா அதை லேமினேட் செய்து சாமி படங்களுக்கு நடுவில் மாட்டினாள்.)

திட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. போய் வந்த முன்னாள் பங்கேற்பாளர்கள் அவரவர் பகுதி மக்களுக்கு ஏதாவது கல்விப் பணி செய்யவேண்டும். தொடக்கச் செலவுக்குக் கொஞ்சம் தருவார்கள். இரண்டு மாதம் கழித்து ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். அவர் எழுதும் அறிக்கை நன்றாக இருந்தால் ஓராண்டுக்கு இடம், புத்தகம், எல்லாம் அவர்கள் பொறுப்பு. இல்லையென்றால் அத்தோடு சரி.

காலடிப்பேட்டையில் எங்களுக்கு மளிகைக் கடை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடமாக அப்பாவும் என் தாய்மாமா பொன்ராஜும் சேர்ந்து நடத்துகிறார்கள். கடைக் கிடங்கின் மாடி அறை அப்போது காலியாக இருந்தது. மாமா அதை இரண்டு மாதத்துக்கு மட்டும் இலவசமாகத் தந்தார். மூன்றாம் மாதம் சீரக மூட்டை வந்து இறங்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கீழே மிளகாய் வற்றல் அடுக்கியிருந்ததால் மாடியில் யார் பாடம் நடத்தினாலும் நடுநடுவே தும்மவேண்டியிருக்கும். அது ஒன்றுதான் குறை.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வரும் தனலட்சுமி அக்காவிடம், பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறேன் என்றேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தனக்கு வேண்டும் என்றார். காரணம் அவருடைய மகள். ஐந்தாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். பள்ளி டைரியில் டீச்சர் எழுதி அனுப்புவதை மகளே படித்துக் காட்டுவாள். "உம் பொண்ணு தங்கம்னு எழுதிக்கீறாங்கம்மா" என்பாள். இவர் கையெழுத்துப் போடுவார். வருடம் முழுக்கத் தங்கம் என்று எழுதுகிற டீச்சர், பரீட்சையில் மட்டும் ஏன் முப்பது மார்க் போடுகிறார் என்பது அக்காவுக்கு விளங்கவில்லை. பள்ளி திறந்ததும் ஜூலையில் பெற்றோர் கூட்டம் வரும். அதில் மகளை நடுவில் வைத்துக்கொள்ளாமல் டீச்சரிடம் தானே நேராகப் பேசவேண்டும். இதுதான் அவருக்கு வேண்டியது.

ஏப்ரல் கடைசியில் வகுப்பைத் தொடங்கினேன். பத்துப் பேர் வந்தால் பெரிது என்றிருந்தேன். தனம் அக்கா தன் குப்பத்திலிருந்து நாற்பத்திரண்டு பேரைக் கூட்டி வந்தார். காசிமேட்டில் விசைப்படகில் தொழில் செய்யும் ஆண்கள் பாதி, மீன் விற்கும் பெண்கள் பாதி. எனக்குத் தலைகால் புரியவில்லை. வட்டமாக நாற்காலி போட அறையில் இடம் போதாமல், வட்டமாகப் பாய் போட்டேன்.

முதல் நாள், அமெரிக்காவில் செய்தது போலவே, ஒவ்வொருவரும் தன்னை ஒரு மீனாக நினைத்துக்கொண்டு அறிமுகம் செய்துகொள்ளுங்கள் என்றேன். (அங்கே விலங்கு. இங்கே மண்ணுக்கேற்ப மாற்றினேன் என்று அன்றைய குறிப்பேட்டில் பெருமையாக எழுதிவைத்திருக்கிறேன்.) படகில் டிரைவராக இருக்கும் சேகர் எதிரில் உட்கார்ந்திருந்த பெண்களை ஒரு பார்வை பார்த்தார்.

"எந்த மீனுன்னு சொன்னாலும் இவங்கோ அறுத்து வித்துருவாங்கோ டீச்சர். நான் மன்சனாவே இர்ந்துக்கிறேன்."

அருமை என்றேன்.

மே மாதம் முழுவதும் ஒருவர் கூட வகுப்பைத் தவறவிடவில்லை. மாலை நாலு மணி வகுப்புக்கு மூன்றரைக்கே வந்து படியில் உட்கார்ந்திருப்பார்கள். நான்காவது வாரம் தனம் அக்கா போன வருட டைரியை எடுத்து வந்து தானே எழுத்துக் கூட்டிப் படித்தார். வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று ஒன்பது இடத்தில் இருந்தது. அன்று மாலை குப்பத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அந்தத் தெருப் பிள்ளைகள் யாரும் எனக்கு வணக்கம் சொல்வதில்லை.

இந்த வருகைப் பதிவேடுதான் என்னைக் கெடுத்தது. மாதம் ஒருமுறை நாடெங்கும் உள்ள முன்னாள் பங்கேற்பாளர்கள் கணினி வழியே கூடிப் பேசுவோம். அஸ்ஸாமிலிருந்து ஒரு தோழி, தன் வகுப்பில் ஏழு பேருக்கு மேல் சேரவில்லை என்று குரல் கம்மச் சொன்னாள். நான் என் பதிவேட்டைத் திரையில் காட்டினேன். எப்படி, எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். கற்பவரை மதிப்பதும் பாயை வட்டமாகப் போடுவதும்தான் ரகசியம் என்று நாற்பது நிமிடம் பேசினேன். அஸ்ஸாம் தோழி குறிப்பெடுத்துக்கொண்டாள். இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

ஏனென்றால், கிழக்குக் கடலில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று அறுபத்தோரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஆட்கள் காலையில் வலை பின்னி, படகுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, மாலையில் என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பார்கள். வடசென்னையில் இது தெரியாத ஆள் கிடையாது. எனக்கும் தெரியும். வஞ்சிரம் விலை ஏறி, எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைக்கும் காலம் என்று தெரியும். என் மாடியில் நாற்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று மட்டும் என் மூளைக்கு எட்டவில்லை.

பார்வையிட வருபவர் ஜூன் பதினேழு மாலை வருகிறார் என்று மின்னஞ்சல் வந்தது. வகுப்பில் அறிவித்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தனம் அக்காதான் எழுந்தார்.

"பதினஞ்சாந்தேதிக்கு அப்பால யாரும் இருக்க மாட்டாங்கோ டீச்சர்."

இதை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் அதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று எடுத்துக்கொண்டேன். மனம் இருந்தால் நேரம் தானாக வரும், கனவை விட்டு ஓடாதீர்கள், கடைசிப் படியில் நின்றுவிடாதீர்கள் என்று இருபது நிமிடம் உருகினேன். கேட்டு முடித்துவிட்டு, "சர்தான் டீச்சர்" என்றார் அக்கா. சம்மதித்துவிட்டார் என்று நினைத்து ஒரு மஞ்சள் காகிதத்தில் 'நாங்கள் வருவோம்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

ஜூன் பதினைந்து மாலை வகுப்புக்கு ஒருவர் வந்தார். சேகர். படகு பழுது பார்க்கும்போது கால் சறுக்கி மாவுக்கட்டுப் போட்டிருந்தார். எல்லாரும் எங்கே என்றேன். என்னை அவர் பரிதாபத்தோடு பார்த்தார். "தட முட்ஞ்சிச்சே டீச்சர். படகெல்லாம் கடலுக்குப் பூட்ச்சி" என்றார். பதினாறாம் தேதி அவரும் வரவில்லை. துறைமுகத்தில் உட்கார்ந்து வந்து இறங்கும் மீனுக்குக் கணக்காவது சொல்லலாம் என்று ஆட்டோ பிடித்துப் போய்விட்டாராம். பெண்கள் பதினைந்தாம் தேதியே கூடை, ஐஸ் என்று ஏற்பாட்டில் இறங்கியிருந்தார்கள்; முதல் படகுகள் திரும்பத் தொடங்கியதும் விடியற்காலையிலிருந்து நாள் முழுக்கக் காசிமேட்டில்தான். தொலைபேசியில் யாரும் எடுக்கவில்லை. எடுத்த ஒரே ஒருவரும் கூச்சலுக்கு நடுவில், "ரெண்டு வாரம் கய்ச்சி பேசு" என்று வைத்துவிட்டார்.

நான் கிடங்கின் படியில் உட்கார்ந்து அழுதேன். மாமா வந்து விவரம் கேட்டார். விவரம் புரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஆளுதானட்டி வேணும்? நாங்க இருக்கோம்லா?"

என் மாமாவுக்குக் கடல் என்றால் ஆகாது. முப்பது வருடத்தில் மெரினாவில் கூடக் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்லும் நேர்மை எனக்கு இருந்திருக்கவேண்டும். நான், "லுங்கி கட்டிக்கிட்டு வாங்க மாமா" என்றேன்.

பதினேழாம் தேதி நான்கு மணிக்கு மாடியில் பதினோரு மீனவர்கள் கூடினார்கள். மாமா, எண்ணெய்க் கடைச் சித்தப்பா, பாத்திரக் கடை அண்ணாச்சி இருவர், மீதிப் பேர் எங்கள் பகுதி வியாபாரிகள். எல்லோர் சட்டைப் பையிலும் பேனா. ஒருவர் காதில் பென்சில். பொருத்தமாக இருக்கட்டும் என்று மாமா ஒரு வலையும் கொண்டுவந்து சுவரில் கட்டியிருந்தார். மேல் விளிம்பில் வெள்ளை நாடா தைத்த இறகுப்பந்து வலை. கழற்றச் சொல்வதற்குள் கீழே கார் சத்தம் கேட்டது.

வந்தவர் பெயர் மார்த்தா. அறுபது வயதிருக்கும். உயரமான, அதிகம் சிரிக்காத அமெரிக்கப் பெண்மணி. படியேறி வந்து இரண்டு முறை தும்மிவிட்டு, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சுவரில் இருந்த வலையை நிதானமாகப் பார்த்தார். பிறகு, மீனவர்களோடு பேசப்போவதை மிகவும் எதிர்பார்த்து வந்ததாகச் சொன்னார். அவருடைய அப்பாவும் இரண்டு அண்ணன்களும் சிங்கி இறால் பிடிப்பவர்கள். பதினெட்டு வயது வரை அவரும் அந்தப் படகில் வேலை செய்தவர்.

நான் இதைத் தமிழில் சொன்னபோது மற்ற பத்து மீனவர்களும் மெதுவாக என் மாமாவுக்குப் பின்னால் நகர்ந்தார்கள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒருமுறை போனால் எத்தனை நாள் கடலில் இருப்பீர்கள் என்று மார்த்தா கேட்டார். மாமா யோசிக்கவே இல்லை. காலையில் போனால் ஒன்றரைக்குச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம், அப்புறம் ஒரு சின்னத் தூக்கம், நாலரைக்கு மறுபடி என்றார். நான் அதை 'ஐந்து நாள்' என்று மொழிபெயர்த்தேன். இவ்வளவு நீளமாகச் சொன்னது இரண்டு சொல்தானா என்பது போல மார்த்தா என்னைப் பார்த்தார். திடீரென்று புயல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அடுத்த கேள்வி.

"ஷட்டர இறக்கிருவோம்" என்றார் மாமா.

பின்னாலிருந்த பத்துப் பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கரைக்குத் திரும்பிவிடுவார்களாம் என்றேன்.

மார்த்தா தன் பையிலிருந்து ஒரு துண்டுக் கயிறு எடுத்தார். தன் ஊரில் ஒரு பழக்கம் உண்டு, வேற்றூர் மீனவரைப் பார்த்தால் ஆளுக்கொரு முடிச்சுப் போட்டுக் காட்டிக்கொள்வோம் என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் சுருக்கு ஒன்று போட்டுக் காட்டினார். கயிற்றை அவிழ்த்து மாமாவிடம் நீட்டினார். மாமா அதைத் தொட்டுப் பார்த்து, தரமில்லை என்று வைத்துவிட்டு, இடுப்பிலிருந்த சணல் நூலை உருவினார்.

பாயில் கிடந்த இரண்டு நோட்டுப் புத்தகங்களையும் கரும்பலகை துடைப்பானையும் ஒன்றாக அடுக்கினார். செய்தித்தாளில் வைத்துச் சுருட்டி, இரு முனையையும் மடித்து, நூலை நெடுக்கில் ஒரு சுற்று, குறுக்கில் இரண்டு சுற்று விட்டு, ஒரு முடிச்சுப் போட்டு, சுண்டிவிட்டு நூலை அறுத்தார். எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்தது. பார்க்க அத்தனை அழகாக இருந்தது. பொட்டலத்தை மார்த்தாவின் கையில் வைத்தார். முப்பது வருடப் பழக்கம் வாயைச் சும்மா விடவில்லை.

"வேற என்னம்மா வேணும்?"

மார்த்தா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமா என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்ப்பதற்குள், இவர் பலசரக்குக் கடைக்காரர்தானே என்றார் அவரே.

நான் உடைந்துபோனேன். தடைக்காலம், பதிவேடு, நாற்பது நிமிடப் பேச்சு, இறகுப்பந்து வலை எல்லாவற்றையும் அழுகையோடு கொட்டினேன். வகுப்பு பொய் இல்லை, ஆட்கள் மட்டும்தான் பொய் என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. மார்த்தா கோபப்படவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. கடல் திறந்த வாரத்தில் மீனவர்களுக்கு வகுப்பு வைத்தாயா என்று மட்டும் கேட்டார். தான் பள்ளி முடித்துப் பட்டம் வாங்கிய நாளில் அப்பா கடலில் இருந்தார், அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை என்றார். பிறகு, தான் கண்ணால் பார்க்காத மாணவர்களைப் பற்றி அறிக்கை எழுத முடியாது, நாளை மாலை விமானம், அதற்குள் அவர்களைக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

மறுநாள் விடியும்போது மாமாவின் சரக்கு ஆட்டோவில் காசிமேடு போனோம். மாமா லுங்கியை மாற்றவில்லை. ஏலக் கூச்சலுக்கும் ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கும் நடுவே, முட்டி அளவு தூக்கிச் செருகிய சேலையோடு தனம் அக்கா நின்றிருந்தார். அக்கா என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவே இல்லை.

"தள்ளி நில்லு டீச்சர், ஏலம் போய்க்கினு கீது."

தள்ளி நின்றோம். சங்கரா, காரப்பொடி என்று இரண்டு கூடை மீனை எடுத்து முடித்த பிறகுதான் அக்கா எங்களைப் பார்த்தார். என் வீங்கிய கண்ணையும் மார்த்தாவையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஓரமாக வந்து, கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து, கையை மூன்று முறை துடைத்துவிட்டு, செல்போனை எடுத்தார். முந்தின நாள் மகளின் புது டைரியைப் படம் பிடித்து வைத்திருந்தார். இடையில் எங்கே கிடைத்த நேரமோ தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து மார்த்தாவுக்குப் படித்துக் காட்டினார். வகுப்பில் அதிகம் பேசுகிறாள். பெற்றோர் கூட்டத்துக்கு அவசியம் வரவும். சுற்றி நின்ற பெண்கள் ஏலத்தை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் வகுப்பைப் பற்றி மார்த்தா ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவர் உதடு அசைந்து சொல் தேடுவது தெரிந்தது. அவர் யாரிடமும் நேராக ஆங்கிலம் பேசியதை அதுவரை நான் பார்த்ததில்லை.

"டீச்சர் குட்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "டைமிங் நோ குட்."

மார்த்தா சிரித்தார். இரண்டு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். குறிப்பேட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். அறிக்கையில் முதல் வரியே அதுதான். அதற்குக் கீழே, ஓராண்டுக்கு ஆதரவு தரலாம், ஆனால் வகுப்பு எப்போது என்பதை ஆசிரியை முடிவு செய்யக்கூடாது, மாணவர்கள் முடிவு செய்யட்டும் என்று எழுதியிருந்தார். தடைக்காலத்தில் தினமும், மற்ற மாதங்களில் வியாபாரம் முடிந்த பகலில், பெண்களுக்கு மட்டும், வாரம் இரண்டு நாள் என்று அக்காதான் முடிவு செய்தார். ஜூலைக் கூட்டத்தில் பேசிவிட்டு வந்து, டீச்சருக்கும் தனக்கும் இனி நடுவில் ஆள் தேவையில்லை என்று கடை வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னார். நான் அஸ்ஸாம் தோழிக்கு ஒரு நீண்ட மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அவளுடையது தேயிலை பறிக்கும் ஊர். கொழுந்து எடுக்கும் பருவத்தில் வகுப்பு வைத்திருந்தாளாம்.

மார்த்தாவின் அறிக்கையில் அந்த முதல் வரியை மட்டும் மாமா பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார். நான் பஸ்ஸைத் தவறவிட்டாலும், தோசை கருகினாலும் வீட்டில் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு வரன் முடிவானபோது அம்மா ஜோசியரிடம் போகும் முன் தனம் அக்காவிடம் போய்த் தேதி கேட்டாள். கடல் மூடியிருக்கும்போது வை, எல்லாரும் வந்துருவோம் என்றார் அக்கா. மே மாதத்தில் நாள் குறித்தார்கள். மாணவர்கள் குடும்பத்தோடு வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தோம். வேலை வெட்டி இல்லாத குப்பம் முழுவதும், பக்கத்துக் குப்பத்தையும் கூட்டிக்கொண்டு வரும் என்று கணக்குப் போடவில்லை. மூன்றாம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது மாமா வியர்க்க விறுவிறுக்க மேடையேறி வந்தார். வாழ்த்தத்தான் வருகிறார் என்று நான் குனிந்தேன்.

"டைமிங் ரொம்ப குட்டாப் போச்சுட்டி" என்றார் என் காதருகில். "சோறு காலி."